ஐம்பதில் ஓடிய ஸோனிக்

1998 கோடை விடுமுறைக்கு முதல் தடவையாக ரொறன்ரோ போனோம். எனக்குப் பத்து வயது. ஸ்காபரோவில் பெரியப்பா வீட்டு பேஸ்மென்டில் அண்ணாவின் கேம் பெட்டி இருந்தது. என்னுடைய மெகா டிரைவ் மாதிரியேதான், ஆனால் மேலே 'ஜெனசிஸ்' என்று எழுதியிருந்தது. வட அமெரிக்காவில் அதற்கு அந்தப் பெயர். உள்ளே 1991இல் வந்த முதலாவது ஸோனிக். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஈஸ்ற் ஹாமில் எங்கள் தெருவில் ஸோனிக்கில் என்னை வெல்ல ஆளில்லை.

"மூண்டு உயிர்தான். ஆர் தூரம் போறது எண்டு பாப்பம்," என்றார் அண்ணா.

"நீங்கள் முதல் விளையாடுங்கோ அண்ணா," என்றேன், பெருந்தன்மையாக.

என் முறை வந்தது. முதலாவது உயிர் முதலாவது கட்டத்திலேயே, கையில் ஒரு வளையம்கூட இல்லாமல், முள்ளில் போய் விழுந்தது. எந்த இடத்தில் குதிக்க வேண்டும் என்று என் பெருவிரலுக்கு நித்திரையிலும் தெரியும். ஆனால் விரல் அமத்தும்போது ஸோனிக் அந்த இடத்தைத் தாண்டியிருந்தது. இரண்டாவது உயிரும் அப்படியே. பாட்டுக்கூட அவசரமாக ஓடியது. அண்ணா ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பெடியன்தான் "லண்டன் சாம்பியன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மூன்று கிழமையில் கை பழகிவிட்டது. அண்ணாவுக்குச் சமமாக இல்லாவிட்டாலும் மானம் போகாத அளவுக்கு விளையாடினேன். அடுத்த அதிர்ச்சி லண்டனுக்குத் திரும்பி வந்த பிறகுதான். எங்கள் வீட்டு ஸோனிக் தேனுக்குள் நடப்பது போல ஓடியது. பாட்டு இழுத்தது. நாங்கள் இல்லாத நேரத்தில் பெட்டி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டி, அதை அப்பாவிடம் கொண்டுபோனேன்.

அப்பாவைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். லண்டனுக்கு வருவதற்கு முன், யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு சின்னக் கடையில் ரேடியோவும் ரீவியும் திருத்தினவர். 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு ரீவி வேலை கூடிவிட்டதாம். இங்கே வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கார் பூட் சேலில் எட்டுப் பவுணுக்கு அந்த மெகா டிரைவை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

இரவு வேலைக்குப் போக வெளிக்கிட்டவர், திரும்ப வந்து பெட்டியின் ஆணிகளைக் கழற்றிப் பார்த்தார். தூசியை ஊதினார். "இதில ஒரு பிழையும் இல்லை தம்பி. அங்க கரண்ட் அறுபது சைக்கிள், இஞ்ச அம்பது. அதுதான்," என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் பெற்றோல் ஸ்ரேசனிலதானே வேலை செய்யிறீங்கள்," என்றேன்.

அப்பா கழற்றின ஆணிகளைத் திரும்பப் பூட்டினார். நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அப்பா சொன்னது என்ன என்று இப்போது சொல்கிறேன். நீங்கள் போனில் விளையாடும் பழைய கேம்கள் பெரும்பாலும் 60இல்தான் ஓடுகின்றன என்பதால், உங்களுக்கு இந்தப் பிரச்சினை வந்திருக்காது.

ரீவி, நிலையான படங்களை வேகவேகமாக மாற்றிக் காட்டித்தான் அசைவைக் காட்டுகிறது. பிரிட்டனில் விநாடிக்கு 50 தடவை. கனடாவில் 60 தடவை. கணக்காகச் சொன்னால் 59.94. இன்றைய கேம் ஒன்று "கடைசியாகப் படம் வரைந்து எத்தனை மில்லிசெக்கன் போனது?" என்று கேட்டு, அதற்கேற்ப ஆளை நகர்த்தும். அந்தக் காலத்துக் கேம்கள் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை. திரை ஒரு தடவை வரையப்பட்டால் கேமும் ஓரடி முன்னே போகும். திரைதான் அதற்கு மணிக்கூடு.

முதலாவது ஸோனிக்கில், சமதரையில் சாதாரணமாக ஓடும்போது உச்ச வேகம் ஒரு படத்துக்கு 6 புள்ளிகள். ரொறன்ரோவில் விநாடிக்கு 360 புள்ளிகள், லண்டனில் 300. திரையின் அகலமோ 320. அதாவது அங்கே ஸோனிக் ஒரு விநாடிக்குள் ஒரு முழுத் திரையைத் தாண்டிவிடும், இங்கே தாண்டாது. என் பெருவிரல் பிந்தியது அங்கேதான். இரண்டு பெட்டியிலும் ஒரே மோட்டரோலா 68000 சிப்தான், அங்கே 7.67 மெகாஹெர்ட்ஸ், இங்கே 7.60. சிப் சோம்பேறி இல்லை. வேலையை முடித்துவிட்டு, அடுத்த படம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நின்றது.

திரையின் மூலையில் ஓடும் நேரமும் 60 படத்தை ஒரு விநாடி என்றுதான் எண்ணும். ஆகவே எங்கள் வீட்டில் ஸோனிக்கின் ஒரு விநாடி உண்மையில் 1.2 விநாடி. பத்து நிமிடம் ஆனால் உயிர் போகும் என்பது விதி. எங்களுக்கு அது பன்னிரண்டு நிமிடம். தண்ணீருக்குள் மூச்சு முட்டும்போது வரும் அந்தப் பயங்கரமான பாட்டு ஞாபகம் இருக்கிறதா? அதைக்கூட நாங்கள் ஆறுதலாகக் கேட்டபடிதான் மூழ்கினோம்.

படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வேறு. பிரிட்டிஷ் ரீவியில் 625 கோடுகள், வட அமெரிக்காவில் 525. கேம் வரைவதோ 224 கோடுகள் மட்டும். மிச்ச இடம் கறுப்பு. நான் அதைக் கேமின் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

இப்படி இயந்திரத்தின் வேகமே விளையாட்டின் வேகமாவது ஸோனிக்குக்கு முதலே இருந்த கதை. 1978இல் தோமோஹிரோ நிஷிக்காடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கிரகவாசிகள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு ஆளைத்தான் அந்த இயந்திரத்தால் நகர்த்த முடிந்தது. 55 பேரும் ஓரடி வைக்க 55 படம் வேண்டும். நீங்கள் சுடச்சுட ஆட்கள் குறைவார்கள், வரிசை சீக்கிரம் முடியும், எஞ்சியவர்கள் வேகமாக வருவார்கள். கடைசியாக மிஞ்சும் ஒருவன் ஒவ்வொரு படத்திலும் பாய்வான். வேகத்தைக் கூட்டு என்று யாரும் தனியாக எழுதவில்லை. நிஷிக்காடோ அதைப் பார்த்தார், விளையாட நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பதற்றம்தான் அந்த விளையாட்டே.

லண்டனிலேயே எனக்கு ஒரு தடயம் கிடைத்திருந்தது. 1996இல் பிக்கடில்லி சேர்க்கஸில், ட்ரொக்கடேரோ கட்டடத்துக்குள் செகாவேர்ல்ட் திறந்தார்கள். சித்தப்பா ஒருக்கால் கூட்டிப்போனார். ஆர்கேட் இயந்திரங்கள் தங்கள் சொந்தத் திரையோடு வருபவை. வீட்டு ரீவியின் 50 அவற்றுக்குத் தேவையில்லை, லண்டனிலும் 60க்குக் கிட்டத்தான் ஓடும். எல்லாம் வேகமாக இருந்தது. காசை விழுங்குவதற்காக வேண்டுமென்றே வேகமாக்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

பன்னிரண்டு வருடம் கழித்து, முதுகலைப் படிப்பில் வீடியோ சமிக்ஞைகள் பற்றிய ஒரு விரிவுரை. பழைய ரீவிகளில் படத்தின் வேகமும் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் பொருந்தாவிட்டால் திரையில் பட்டைகள் உருளும், அதனால்தான் 50 ஹெர்ட்ஸ் நாடுகள் 50ஐயும் 60 ஹெர்ட்ஸ் நாடுகள் 60ஐயும் எடுத்துக்கொண்டன என்றார் விரிவுரையாளர். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பேஸ்மென்ட் ஞாபகம் வரவில்லை. அப்பா ஆணி பூட்டினதுதான் ஞாபகம் வந்தது.

பொறியியல் படித்தவன் என்றபடியால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்பா சொன்னது முழுக்கச் சரியில்லை. பெட்டி தன் வேகத்தைச் சுவரிலுள்ள மின்சாரத்திடமிருந்து எடுப்பதில்லை, உள்ளே இருக்கும் பளிங்குத் துண்டிடமிருந்து எடுக்கிறது. ஸோனிக் பிறந்த தோக்கியோவிலேயே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆனால் ஜப்பான் அமெரிக்க ரீவி முறையை எடுத்துக்கொண்டதால் அங்கே ஸோனிக் 60இல் ஓடியது. இவ்வளவும் எனக்குப் பல்கலைக்கழகத்தில் தெரியவந்தது. அடிப்படைக் காரணத்தை அப்பா, வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒரு வரியில் சொன்னார்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை. உங்கள் வீட்டிலும் இருக்காது என்று நினைக்கிறேன். அந்தக் கிழமை முடிவில் பரணிலிருந்து மெகா டிரைவை இறக்கினேன். அதன் பலகையில் ஒரு சின்ன இணைப்பு இருக்கிறது. 'நீ ஐரோப்பாவில் இருக்கிறாய்' என்று வீடியோ சிப்புக்குச் சொல்வது அதுதான். அதை வெட்டி ஒரு சுவிட்ச் பூட்டினால் 50, 60 இரண்டும் கிடைக்கும். (தனியாகச் செய்து பார்க்காதீர்கள். பக்கத்தில் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.) பெட்டியையும் வரைபடத்தையும் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் வைத்தேன்.

"அப்பா, இதை ஒருக்கால் பற்றவைச்சுத் தாங்கோ. எனக்குக் கை நடுங்குது."

கை நடுங்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பலகையை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஈயம் உருகும் மணம் குசினி முழுக்கப் பரவ, அம்மா யன்னலைத் திறந்தார். அப்பா மூன்று வயர்களையும் பற்றவைத்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடுகை, ஒரே அளவு ஈயம், திரும்பத் தொடவில்லை. பரிசோதனைக்கூடத்தில் அப்படிச் செய்யக்கூடிய ஆள் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை.

"அண்டைக்கே சொன்னனான்," என்றார், நிமிராமல்.

"ஓம் அப்பா."

பழைய குழாய் ரீவியில் ஸ்கார்ட் வயரைச் செருகி, சுவிட்சை 60க்குத் தள்ளினேன். கறுப்புப் பட்டைகள் போய்விட்டன. பாட்டு ஓடத் தொடங்கியது, ஸ்காபரோவில் கேட்ட அதே அவசரத்தில். அதே முள்ளில், அதே இடத்தில் விழுந்தேன். அப்பா கையை நீட்டி கொன்றோலரை வாங்கினார். அவர் ஒரு நாளும் விளையாடினதில்லை. சுவிட்சைத் தேடிப் பிடித்து 50க்குத் தள்ளினார்.

"எனக்கு இது காணும்," என்று சொல்லிவிட்டு, ஸோனிக்கை இடது பக்கமாக ஓட்டிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டினார்.

"மற்றப் பக்கம் அப்பா," என்றேன்.