நாமக்கல் டிரைவர்கள் சொல்லும் ரிவர்ஸ் பாடம்: "எறங்கிப் பாத்தா கால் தேஞ்சா போயிரும்?"

நாமக்கல் என்றதும் முட்டையும் ஆஞ்சநேயரும் நினைவுக்கு வருவார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, லாரி.

சேலத்திலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். ஊருக்கு நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கிறது நாமக்கல் கோட்டை. மேலே ஏறினால் கீழே கமலாலயக் குளம் தெரியும். மலையடிவாரத்தில் 18 அடி உயர ஆஞ்சநேயர் தலைக்கு மேல் கூரை இல்லாமல் கைகூப்பி நிற்கிறார். ஊரைவிட்டு நாலாபுறமும் கிளம்பும் சாலைகளில் கொஞ்ச தூரம் போனால் பட்டறைகள் ஆரம்பித்துவிடும். வெல்டிங் பொறி, மரத்தூள், பெயின்ட் வாசனை. லாரிக்கு பாடி கட்டுவதில் இந்த ஊருக்கு நாடு முழுக்கப் பெயர். வெளிமாநில வண்டிகளும் இங்கே வரிசையில் நிற்கும்.

ஃபாக்டரியிலிருந்து வெறும் சேஸாக வரும் வண்டியில், கழுத்தைத் திருப்பினால் பின் சக்கரம் வரை தெரியும். அதன்மேல் பாடி ஏறிவிட்டால் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் சுவர்தான். அதற்குப் பிறகு பின்பக்கம் என்பது இரண்டு கண்ணாடிகளில் தெரிகிற இரண்டு கீற்றுகள் மட்டுமே. புதிதாக லாரி ஏறும் பையன்கள் தடுமாறுவதும் அந்தச் சுவரால்தான்.

பின்னால் போகத் தெரிந்தால்தான் பிழைப்பு

இந்தப் பக்கத்துத் தொழில்கள் எல்லாமே ரிவர்ஸ் கியரை நம்பித்தான் இருக்கின்றன. கோழிப்பண்ணைக்குப் போகும் மண் பாதையில் லாரியைத் திருப்ப இடம் இருக்காது. முட்டை ஏற்றுவதற்குப் பின்பக்கமாகவே உள்ளே போகவேண்டியிருக்கும். ஏற்றிய பிறகு ஒரு குலுங்கல் போதும், அட்டைகள் ஈரமாகிவிடும்.

பக்கத்தில் திருச்செங்கோடு, போர்வெல் வண்டிகளின் ஊர். துளை போடும் கோபுரம் லாரியின் பின்முனையில்தான் எழும்பும். அதனால் நீரோட்டம் பார்த்துக் குறித்த புள்ளிக்கு வண்டியின் பின்பக்கம் வந்து நிற்கவேண்டும். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே, தென்னை மரத்தை உரசாமல், அடிக்கணக்கில் நிறுத்த வேண்டும். மழை பெய்த தோட்டமென்றால் மண் உள்வாங்கும் பயம் வேறு.

கேஸ் டேங்கர், சிமென்ட், கன்டெய்னர் எதுவானாலும் கடைசி நூறு அடி பின்னால்தான். ஹைவேயில் ஆயிரம் கிலோமீட்டர் சுத்தமாக ஓட்டி வந்தவரையும் அந்த நூறு அடி வியர்க்க வைத்துவிடும்.

புதுசுகள் எங்கே சறுக்குகிறார்கள்?

முதல் தப்பு, பின்னாலேயே கண்ணை வைத்திருப்பது. ரிவர்ஸில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வண்டியின் பின்பகுதி ஒரு பக்கம் போக, முன் மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். பின்னால் சுவரைத் தப்பித்தவர், முன்னால் நின்ற பைக்கைச் சாய்த்துவிடுவார்.

இரண்டாவது, இடப்பக்கம். நம் ஊர் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். ஜன்னலில் தலையை நீட்டினால் தன் பக்கம் முழுக்கத் தெரியும். 'கிளீனர் சைடு' எனப்படும் இடப்பக்கத்துக்குக் கண்ணாடி மட்டுமே கதி. வண்டி வளைய வளைய அந்தக் கண்ணாடியும் வேறெதையோ காட்டும். அதனால்தான் பழைய டிரைவர்கள், முடிந்தால் ஒரு சுற்று சுற்றி வந்தாவது தன் பக்கமாகவே வண்டியைப் பின்னால் வளைக்கப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, மேலே பார்க்காமல் விடுவது. சன்ஷேடு, மரக்கிளை, தாழ்வாகத் தொங்கும் கரன்ட் கம்பி இவை எதுவும் கண்ணாடியில் தெரியாது.

நான்காவது டிரெய்லருக்கு மட்டும் உரியது. பெட்டி வலப்பக்கம் போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கை முதலில் இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். பெட்டி திரும்ப ஆரம்பித்ததும் அதன் பின்னாலேயே போவதுபோல ஸ்டியரிங்கை மாற்றவேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் முன்வண்டியும் பெட்டியும் பேனாக்கத்திபோல மடங்கிக்கொள்ளும். அதற்கு மேலும் பின்னால் தள்ளினால் கேபின் நசுங்கும். ஒரே வைத்தியம், முன்னால் எடுத்து நேர் பண்ணிவிட்டு மறுபடி ஆரம்பிப்பது.

இந்த நான்கையும் விடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. ஒரே மூச்சில் நிறுத்திக் காட்டவேண்டும் என்ற வீம்பு. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வெட்கத்தில்தான் காலடியில் பிரேக் இருப்பதே மறந்துபோகும்.

பட்டறை வாசலில் ஒரு பெரியவர் இளம் டிரைவரிடம் கேட்டது இது: "ஏன் தம்பி, எறங்கிப் பாத்தா கால் தேஞ்சா போயிரும்?"

"இல்லீங்ணா, பின்னாடி வண்டி நிக்குதுங்..."

"நிக்கட்டும். அவன் ரெண்டு நிமிசம் நிப்பான். நீ ஏத்திப்புட்டீன்னா ரெண்டு வருசம் கோர்ட்டுக்கு நடக்கோணும்."

இந்த ஊர் பையன்களுக்கு ரிவர்ஸ் பாடம் இப்படித்தான் தொடங்குகிறது. எடுப்பதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வா. சந்தேகம் வந்தால் நிறுத்து. மறுபடி இறங்கு.

கிளீனர் இல்லாத வண்டி

"வரலாம், வரலாம்... லெஃப்ட் ஒடி... ஓல்டான்!" லாரியின் பின்னால் தட்டியபடி கேட்ட அந்தக் குரல் இப்போது குறைந்துவருகிறது. செலவு கட்டுப்படியாகாமல் பல வண்டிகள் ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. கிளீனராகச் சேர்ந்து, பல வருடம் பின்னால் நின்று சொல்லிச் சொல்லி, பிறகு ஸ்டியரிங் பிடித்தவர்கள் முந்தைய தலைமுறை. வண்டி எப்படி வளையும் என்பது அவர்களுக்கு வெளியிலிருந்தே தெரியும். இப்போது வருகிறவர்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைப்பதில்லை.

லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால் கனரக லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் உண்டு. ரிவர்ஸ் கேமராவும் வந்துவிட்டது. ஆனால் லென்ஸில் சேறு அடித்துவிட்டால் அதுவும் குருடுதான்.

பின்னால் நின்று சொல்ல ஆள் கிடைத்தால் அதற்கும் ஒரு விதி இருக்கிறது. நாலு பேர் கத்தினால் நாலு பேரையும் கேட்கக்கூடாது. ஒருவர் பேச்சுதான். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் அந்த நொடியே பிரேக். அவர் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கிறாரோ என்னவோ, யாருக்குத் தெரியும்?

நமக்கும் ஒரு பங்கு

யாருக்கும் ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் வண்டியைப் பின்னால் எடுக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் டிரைவர் பார்க்க முடியாத இடத்தில் போய் நிற்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், உங்களை அவருக்கும் தெரியாது. 'பீப் பீப்' சத்தம் கேட்டால் குறுக்கே ஓடிக் கடக்காமல் நில்லுங்கள். வீட்டுக்கு போர்வெல் வண்டியோ மணல் லாரியோ வந்தால், முதல் வேலையாகக் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்க மாடி இருக்கிறது.

அடுத்த முறை சாலையை அடைத்துக்கொண்டு ஒரு லாரி பின்னால் வரும்போது, நடுவில் நிறுத்தி டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்தால் ஹாரன் அடிக்காதீர்கள். அவர் தொழில் தெரிந்தவர்.