ரிச்சி தெருவில் பழுது தேடுபவர்கள்

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும் ரிச்சி தெருவும், அதனோடு பின்னிக் கிடக்கும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு முதலியவையும் சேர்ந்த அந்தச் சிறு பிரதேசத்துக்கு, முந்தின தலைமுறையினர் வானொலிப் பெட்டிக்கு உதிரிபாகம் தேடி வந்தார்கள்; அவர்கள் பிள்ளைகள் தொலைக்காட்சிக்கும் டேப் ரிக்கார்டருக்கும் வந்தார்கள்; பேரப்பிள்ளைகள் இப்போது லாப்டாப்பைப் பையில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். மின்னணுப் பொருள்களின் சந்தை என்ற வகையில், தில்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாக இதைச் சொல்வது வழக்கம். கீழ்த்தளங்களில் எல்லாம் விற்பனை. பழுது பார்க்கும் வேலையோ பெரும்பாலும் மாடியில், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கியே தீரவேண்டிய குறுகலான படிக்கட்டுகளுக்கு மேலே நடக்கிறது.

அத்தகைய மாடி அறையொன்றில், கீபோர்டோ மவுஸோ வேலை செய்யவில்லை என்ற புகாரோடு வருகிறவர்களை மாத்திரம் கவனிப்பது என்ற சங்கற்பத்தோடு போய் உட்கார்ந்தேன். மதர்போர்டைக் கழற்றி, அதிலிருக்கும் பொடிப்பொடியான ஐசிகளைச் சூடுகாட்டி எடுத்து மாற்றும் ‘சிப் லெவல்’ வேலைக்கே அந்தத் தொழிலில் கௌரவம் அதிகம். கீபோர்டு வேலை கற்றுக்குட்டிகளுக்கு உரியது. போனதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினால் தீர்ந்தது, இதில் என்ன வித்தை இருக்கிறது என்பது பொதுஜன அபிப்பிராயம். மாட்டுவதில் பெரிய வித்தை இல்லைதான். மாட்ட வேண்டுமா வேண்டாமா என்று நிர்ணயிப்பதில்தான் இருக்கிறது.

கடையின் பெரியவரை, வருகிறவர்களும் வேலை பார்க்கும் பையன்களும் ‘பாய்’ என்றே கூப்பிடுகிறார்கள். ரேடியோவில் தொடங்கி, டி.வி., வி.சி.ஆர். என்று காலத்தோடு நடந்து லாப்டாப்புக்கு வந்தவர். மேஜைமேல் மீட்டர், சால்டரிங் அயர்ன், பூதக்கண்ணாடி விளக்கு எல்லாம் இருந்தும், யாரேனும் ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தால் அவர் கை உடனே அவற்றில் எதையும் நாடுவதில்லை. முதலில் கேள்வி கேட்கிறார்.

“பாய், ஒரு கீயும் வேலை செய்யல. புது கீபோர்டு எவ்வளவு ஆகும்?” என்று விலையிலேயே ஆரம்பித்தான் ஒரு கல்லூரி மாணவன்.

“தட்டினா வரலையா தம்பி, இல்ல அழுத்திப் பிடிச்சாலும் வரலையா?”

பையன் ஓர் எழுத்தை அழுத்திப் பிடித்தான். சற்றுத் தாமதித்து அது திரையில் வந்து நின்றது.

“பிடிச்சா வருது பாய்.”

கை நடுக்கம் உள்ளவர்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று, சிறு தட்டல்களை அலட்சியம் செய்துவிடும் ஓர் ஏற்பாட்டை விண்டோஸில் வைத்திருக்கிறார்கள். ‘ஃபில்டர் கீஸ்’ என்று அதற்குப் பெயர். வலப்பக்கத்து ஷிஃப்ட் விசையை 8 விநாடி அழுத்திக்கொண்டிருந்தால், இதை இயக்கவா என்று திரை கேட்கும். கேள்வியைப் படிக்காமலே சம்மதம் சொல்லிவிடும் சுபாவம் நம்மில் பலருக்கும் உண்டு. பாய் டச்பேடைத் தடவி, செட்டிங்ஸில் போய் அதை அணைத்தார். விசைகள் எல்லாம் பழையபடி துள்ளின. பையன் முகத்தில் தோன்றிய சந்தோஷம், கூலி என்றதும் மறைந்துவிட்டது. “ஒண்ணும் மாத்தலையே பாய், எதுக்குக் காசு?” என்றான். பாய் வாதம் செய்யவில்லை. இஷ்டமானதைக் கொடு என்றார். அவன் கொடுத்தது கீழே இரண்டு தேநீருக்குக் காணும்.

பாயின் பரீட்சைக்கு ஒரு கிரமம் உண்டு. அது மாறி நான் பார்க்கவில்லை. வெளிக் கீபோர்டு ஒன்றை யு.எஸ்.பி.யில் செருகிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அது வேலை செய்தால் யந்திரத்தின் மற்றப் பகுதி நன்றாயிருக்கிறது என்று தெரியுமே ஒழிய, உள்ளே இருக்கும் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நிரூபணம் ஆகிவிடாது. ஆகையால் அவர், யந்திரத்தை இயக்கி விண்டோஸ் எழும்புவதற்கு முன்பாகவே எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி, ‘பயாஸ்’ என்னும் அடித்திரைக்குள் நுழைந்து, அங்கே அம்புக்குறி விசைகளால் மேலும் கீழும் நகர முடிகிறதா என்று பார்க்கிறார். முடிந்தால் கீபோர்டு நிரபராதி. குற்றம் விண்டோஸிலோ டிரைவரிலோ இருக்கிறது, திருப்புளியைத் தொடவே வேண்டியதில்லை. அங்கேயும் அசையாவிட்டால்தான் மூடியைத் திறக்கும் பேச்சு.

கீபோர்டும் டச்பேடும் ஒரே வேளையில் ஓய்ந்துபோகும்போது அவர் செய்கிற அநுமானம் எனக்கு மிகவும் பிடித்தது. பல லாப்டாப்புகளில் கீபோர்டு, 1987-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிஎஸ்/2 கணினிகளோடு பெயர்பெற்ற பழைய முறையிலேயே இன்றும் செய்தி அனுப்புகிறது. புதிய டச்பேடுகளோ பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய ஐ2சி என்னும் வேறு வழியாகப் பேசுகின்றன. உறுப்பும் வேறு, வழியும் வேறாக இருக்கும் இரண்டும் ஒரே நிமிஷத்தில் தனித்தனியே கெடுவது அபூர்வம் அல்லவா? எனவே இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று மயங்கியிருக்க வேண்டும் என்று கொண்டு, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியின் இணைப்பை எடுத்து, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கிறார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, ‘ஐ.ஓ.’ என்று தொழிலில் சொல்லும் சில்லு புதிதாகக் கண் விழிக்கிறது. கீபோர்டின் குரலைக் கேட்பது, சார்ஜ் ஏற்றுவதைக் கவனிப்பது, பவர் பட்டனுக்குப் பதில் சொல்வது எல்லாம் அந்தச் சில்லின் பொறுப்பு. இவ்வளவு மாத்திரத்தில் பிழைத்து எழுந்த யந்திரங்களை என் கண்ணால் பார்த்தேன்.

திறந்தே தீரவேண்டிய ஒன்றும் வந்தது. கணக்குப் பார்க்கும் அம்மாள் ஒருவருடையது. மூன்று எழுத்துகளும் ஓர் அம்புக்குறியும், அவையும் பலகையில் ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருப்பவை, சேர்ந்தாற்போல் செத்திருந்தன. “நாலு கீ போகலம்மா, ஒரு லைன் போயிருக்கு” என்றார் பாய். கீபோர்டுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் வெள்ளி கலந்த மையால் அச்சிட்ட கோடுகள், தறியில் பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒவ்வொரு விசையும் ஒரு சந்திப்பு. 8 கோடுகளும் 16 கோடுகளும் இருந்தாலே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும் என்பதால் விசைக்கொரு கம்பி வேண்டியிருப்பதில்லை. கோடு ஒன்று அறுந்தால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் விசைகள் யாவும் போகும்.

பேட்டரி இணைப்பை முதலில் கழற்றினார். அதற்கு முன் வேறெதையும் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். கீபோர்டிலிருந்து வரும் தட்டையான ரிப்பன், மதர்போர்டில் ஒரு சிறு வாய்க்குள் நுழைகிறது. அந்த வாய்க்குக் கறுப்பு நிறத்தில் ஒரு பூட்டு. நகத்தின் கனம்கூட இல்லை. அதை நிமிர்த்தாமல் ரிப்பனை இழுத்தால் பூட்டு முறியும். முறிந்தால் கீபோர்டு வேலை போர்டு வேலையாகிவிடும். பாய் நக நுனியால் அதை நிமிர்த்தி, ரிப்பனை உருவி, பள்ளிப்பிள்ளைகளின் ரப்பரால் அதன் உலோகப் பற்களை ஒரே திசையில் தேய்த்து, மீண்டும் கோணாமல் செருகினார். நான்கு விசைகளும் மசியவில்லை. அப்புறம்தான் மீட்டரை எடுத்தார். கோடு கோடாகத் தொட்டுக்கொண்டே போக, ‘பீப்’ ‘பீப்’ என்று சொல்லிவந்த மீட்டர் ஓரிடத்தில் மௌனமாயிற்று. “இதுக்கு மாத்தித்தான் ஆகணும்மா” என்று அப்போது சொன்னார்.

மாற்றுகிற வேலை திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. இக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் கீபோர்டை ஸ்குரூ வைத்துப் பிணைப்பதில்லை. மேல்மூடியோடு சேர்த்து, வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் முளைகளை உருக்கி அமுக்கிவிடுகிறார்கள். அத்தனை முளைகளையும் ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுத்து, புதியதைப் பொருத்தி, சால்டரிங் அயர்ன் முனையால் மறுபடி உருக்கி ஒட்டவேண்டும். சூடு ஒரு கணம் அதிகமானால் மூடியின் முகப்பில் தழும்பு விழும். பழுது பார்க்கிறவனை மனத்தில் நினைத்தே பாராமல் செய்த அமைப்பு இது என்பது என் தீர்மானமான எண்ணம்.

மற்றொரு மாணவன் அந்தப் பையனிடம், “ஒண்ணும் கொட்டலைண்ணா, தானா போயிடுச்சு” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மூடியைத் திறந்தபோது, கீபோர்டின் அடியில் பழுப்பாகக் காய்ந்த பாலாடையும், அதில் ஒட்டிக்கொண்டு மாண்ட எறும்புகளும் இருந்தன. வெறும் தண்ணீராயிருந்தால் பெரும்பாலும் உலர்ந்துவிடும். தேநீரின் சர்க்கரையும் பாலும் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, பேட்டரியின் மின்சாரம் பாயுமட்டும் மதர்போர்டின் செம்புக் கோடுகளைப் பச்சைக் களிம்பு தின்றுகொண்டே போகிறது. யந்திரத்தை அணைத்துவிட்டாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை இந்தத் தீனி நிற்பதில்லை. பையன் ஐபிஏ என்னும் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷை நனைத்துப் போர்டைத் தேய்த்தான். அன்றைக்கே வந்திருந்தால் கீபோர்டோடு போயிருக்கும் என்று மட்டும் சொன்னான், கோபித்துக்கொள்ளவில்லை.

டச்பேடின் உபத்திரவங்களில் ஒன்றே ஒன்று அபாயகரமானது. அமுக்கினால் சொடுக்குச் சத்தம் வராமல், பலகையும் சற்று மேடிட்டிருந்தால், அதன் கீழிருக்கும் லித்தியம் பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அப்படி ஒன்று வந்தபோது பாய் மற்ற வேலைகளை நிறுத்தி, தாமே அதை நிதானமாகக் கழற்றி, தனியே கொண்டுபோய் வைத்தார். மற்றவை அற்பம். சார்ஜர் போட்டவுடன் அம்புக்குறி பைத்தியம் பிடித்ததுபோல் ஓடினால், எர்த் இல்லாத பிளக்கைச் சந்தேகிக்கலாம்; கம்பியில்லா மவுஸ் திக்கித் திணறினால், அதன் ரிசீவரை யு.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க்குக்கு அருகிலிருந்து விலக்கிச் செருகலாம்.

பாகம் மாற்றினால் தாராளமாகக் கொடுப்பதும், மாற்றாமலே சரிசெய்தால் முகம் சுளிப்பதும் அந்த மாடியில் அன்றாடம் நடக்கிறது. இதன் பலன் என்ன தெரியுமா? நல்ல கீபோர்டையும் கெட்டது என்று சொல்லிப் புதியதைத் தலையில் கட்டுகிறவன் சௌக்கியமாக வாழ்கிறான். உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்கிறவன் இரண்டு தேநீரின் விலை பெறுகிறான். பழுது பார்ப்பவர்களில் மோசக்காரர் இருப்பதாகக் குறைசொல்லும் நாமே அவர்களைப் பேணி வளர்க்கிறோம்.

ஆகவே, அடுத்த முறை யந்திரத்தை எடுத்துக்கொண்டு அப்படியொரு படிக்கட்டில் ஏறும் அன்பர்கள், விலையைக் கேட்பதற்கு முன் நடந்ததைச் சொல்லுங்கள். ஒன்றும் மாற்றாமல் சரியானாலும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். தேநீர் கொட்டியிருந்தால், சார்ஜரைப் பிடுங்கி, யந்திரத்தை அணைத்து, அன்றைக்கே கொண்டுபோங்கள். கொட்டியது எது, சர்க்கரை உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.