அடுக்களைக்கு ஒரு வரவுசெலவுத் திட்டம்

எங்கள் வீட்டு அடுக்களையைப் புதுக்குவதென்று 2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு தீர்மானித்தோம். கையிலிருந்த சேமிப்பு ஒன்பது இலட்சம் ரூபா. அதனைப் பகிர்ந்து எழுதும் பொறுப்பை நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன். கணக்கு எழுதுவதில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. கோடிட்ட தாளில் சிவப்பு மையால் தலைப்பிட்டு, இரண்டு இரவுகள் விழித்திருந்து எழுதி முடித்தேன்.

முதல் வரி, சுவரலுமாரிகள்: நான்கு இலட்சம். கொழும்பில் உறவினர் ஒருவர் வீட்டில் கண்ட அலுமாரிகள் என் கண்ணைவிட்டு அகலாதிருந்தன. அடுத்தது கிறனைற் பதித்த மேடை: இரண்டு இலட்சம். மினுமினுக்கும் தரையோட்டுக்கு ஒன்றரை இலட்சம். வர்ணத்துக்கும் கூலிக்கும் ஒரு இலட்சம். கடைசியில் 'பிற' என்று எழுதி ஐம்பதினாயிரம் ஒதுக்கியிருந்தேன். புகைக்கூடு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகிய யாவும் அந்தப் 'பிற'வுக்குள் ஒடுங்கிக் கிடந்தன.

மனைவி தாளை இருமுறை வாசித்தாள். "இஞ்சருங்கோ, இது குசினிக்கு எழுதினதோ, விறாந்தைக்கு எழுதினதோ?" என்றாள். பின்னர், "ஒருநாள் காலமை வந்து இருந்து பாருங்கோ. அதுக்குப் பிறகு எழுதுங்கோ" என்றாள்.

அவ்வாறே ஒரு சனிக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்குக் குறிப்பேடும் கையுமாக அடுக்களை வாசலில் கதிரை இட்டு அமர்ந்தேன். நாற்பது வயதைத் தாண்டியவன், உண்பதற்கன்றி அங்கே அத்தனை நேரம் இருந்தது அதுவே முதன்முறை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர்க் குழாய் வெளியே, கிணற்றடியில். போக வர முப்பத்துநான்கு அடி வைக்கவேண்டும். ஒன்பது மணிக்குள் மனைவி பதினொரு முறை போய் வந்தாள். மேடையின் உயரம் இருபத்தெட்டு அங்குலம், அவளோ உயரமானவள். காய்கறி அரிந்த நேரம் முழுவதும் முதுகு வளைந்தே இருந்தது. அம்மா தரையில் அமர்ந்து திருவலையில் தேங்காய் துருவிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்தார். விறகடுப்பின் புகை முகட்டைத் தொட்டு மீண்டும் கீழே இறங்கியது. இருவருடைய இருமலையும் எண்ணத் தொடங்கி, இடையில் நிறுத்திக்கொண்டேன்.

விறகடுப்பு ஏன், எரிவாயு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆயின் 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிடையாமல் நாடே வரிசையில் நின்றபொழுது எங்கள் வீட்டில் உலை ஏறியது அம்மா மூட்டிய விறகினால்தான். அதன்பின் அந்த அடுப்பை இடிக்கும் பேச்சுக்கே அவர் இடங்கொடுப்பதில்லை. அவர் சொல்வதில் நியாயமும் உண்டு. இடிக்கவேண்டியது அடுப்பையன்று, புகையைத்தான் வெளியேற்றவேண்டும். வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையினால் 2020இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நான் அதற்கு ஒதுக்கியதோ 'பிற'வில் ஒரு பங்கு!

அடுக்களையை நின்று வேலை செய்பவரின் அடியையும் கைந்நீட்டத்தையும் கொண்டு அளக்கவேண்டும் என்பது புதுக் கருத்தன்று. ஒஸ்திரியாவிற் பிறந்த கட்டடக் கலைஞரான மார்கரெற்றே ஷூற்றே-லிஹொற்ஸ்கி என்னும் பெண்மணி, 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புக்களுக்காக ஓர் அடுக்களையை வகுத்தார். புகைவண்டியின் உணவுப் பெட்டியிலுள்ள சிறு சமையலிடமே அவருக்கு முன்மாதிரி. ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம், அவ்வளவுதான். அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அதை வாசித்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது தாளை நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதினோம். பின்னர் செய்யப்போனால் எதை எதை உடைக்கவேண்டி வருமோ, அதை முதலில் எழுதுவது என்று மனைவி ஒரு விதி வகுத்தாள். புகைக்கூட்டுக்கும் யன்னலுக்கும் இரண்டேகால் இலட்சம். உள்ளே வரும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வழி, மின்கம்பி என்பவற்றுக்கு இரண்டு இலட்சம். மேடைக்கு ஒன்றேகால், அதன் உயரம் முழங்கைக்கு ஐந்து அங்குலம் கீழே, அதாவது மனைவியின் அளவில் முப்பத்தைந்து அங்குலம். ஈரத்தில் வழுக்காத சொரசொரப்பான தரைக்கும், அம்மா இருந்து வேலை செய்யத் திருவலைக்கும் அம்மிக்கும் பக்கத்தில் ஒரு தாழ்ந்த திண்ணைக்குமாக ஒரு இலட்சம். எதிர்பாராச் செலவுக்கு ஒன்றேகால். எஞ்சிய ஒன்றேகால் அலுமாரிகளுக்கு. கூலி அந்தந்த வேலையோடு சேர்ந்தது.

மேசன் தென்மேற்குச் சுவரில் புகைக்கூட்டுக்கு அடையாளமிட்டார். அடுப்புக்கு அது கிட்ட, கல்லும் குறையும். நானும் தலையசைத்துவிட்டேன். அம்மாதான் மறித்தார். "தம்பி, சோளகம் அந்தப் பக்கத்தாலைதான் அடிக்கும். அங்கை வாய் வைச்சால் புகை திரும்பி உள்ளுக்கை வந்திடும்." மேசன் சற்று யோசித்துவிட்டு, "ஆச்சி சொல்லுறது சரி" என்று அடையாளத்தை அழித்தார். புகைக்கூடு மறுபுறத்தில், முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்ந்து நின்றது.

ஓட்டைக் கழற்றியபொழுது வளைகளிற் பாதி கறையானுக்கு இரையாகியிருந்தது தெரிந்தது. தச்சர் விரலால் அழுத்த, மரம் மாவாக உதிர்ந்தது. அந்தச் செலவு இரண்டு இலட்சம். எதிர்பாராச் செலவுக்கென வைத்த பணம் முழுவதும் போய், அலுமாரிப் பணத்திலும் முக்கால் இலட்சம் போயிற்று. முதல் தாளின்படி வேலையைத் தொடங்கியிருந்தால், அலுமாரிகளுக்கு முற்பணம் கட்டிவிட்டு, கூரையில்லாத அடுக்களையில் அவற்றை நிறுத்தியிருப்பேன்.

ஆக, அலுமாரிகளுக்கு மிஞ்சியது ஐம்பதினாயிரம் ரூபா; முன்பு 'பிற'வுக்கு நான் மனமிரங்கி அளித்த அதே தொகை. இரண்டு பலகைத் தட்டுகள் அமைத்தோம். மேடையின் கீழே கதவுகள் இல்லை. பழைய பருத்திச் சேலையொன்றைக் கிழித்து மனைவி திரை தைத்துத் தொங்கவிட்டிருக்கிறாள். வரும் உறவினர் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கிறார்கள். "அலுமாரி பிறகு வரும்" என்று சொல்லி வைக்கிறேன்.

ஆடிப்பிறப்பன்று அம்மா பெரிய பானையில் கூழ் காய்ச்சினார். வெளியே சோளகம் பனைகளை உலுப்பிக்கொண்டிருந்தது. நான் அதே கதிரையை வாசலில் இட்டு அமர்ந்தேன், குறிப்பேட்டை எடுத்துவரவில்லை. பனங்கட்டி கரையும் மணம் அடுக்களை எங்கும் நிறைந்திருந்தது. முற்றத்திலிருந்து மகள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். புகை முகட்டுக்கு மேலே எழுந்து, வடகிழக்கே சாய்ந்து, அயல் வளவுப் பனைகளைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.