மிக்கி எலியின் ஊரில் எங்கே தங்குவது?

கல்யாணத்துக்குப் போனால் சத்திரத்திலேயே ஒரு மூலை பிடித்துக் கொள்வதா, பக்கத்துத் தெருவில் ஓட்டல் அறை எடுத்துக் கொண்டு வந்து போவதா என்று நம் வீடுகளில் ஒரு சர்ச்சை நடக்குமே, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். சத்திரத்தில் தங்கினால் தூக்கம் இல்லை. வெளியே தங்கினால் முகூர்த்தத்துக்கு வண்டி கிடைப்பதில்லை. இதே சர்ச்சை ஏழு கடல் தாண்டி, கலிபோர்னியாவில், என் பெண் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தடவை நடந்தது. முதல் தடவை நாங்கள் தப்பாக முடிவு செய்தோம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ போய் டிஸ்னிலாண்டு பார்க்க நினைக்கும் சகோதரிகள் அதே தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெண் இருப்பது ஸான் ஹோஸே. டிஸ்னிலாண்டு இருப்பது லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே அனஹைம் என்ற ஊர். காரில் ஆறு ஏழு மணி நேரப் பிரயாணம். நாங்கள் ஆறு பேர்: பெண், மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேரன், இரண்டு வயதுப் பேத்தி, முழங்கால் வலியுடன் என் வீட்டுக்காரர், அப்புறம் நான். மாப்பிள்ளை பூங்காக்காரர்களின் சொந்த விடுதியில் தங்கலாம் என்றார். வாடகையைப் பார்த்ததும் என் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று மைல் தள்ளி ஓர் ஓட்டல் கண்டுபிடித்தாள். வாடகை மலிவு, நீச்சல் குளம் உண்டு, பூங்கா வாசலுக்கு இலவச வேன் உண்டு. ‘மூணு மைல் ஒரு தூரமா?’ என்று நானும் ஒத்து ஊதினேன். மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் போவது போல என்று நினைப்பு!

காலையில் முதல் வேன் நிரம்பிவிட்டது. அடுத்த வேனுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதையெல்லாம் சிரித்துக் கொண்டே சமாளித்தோம். ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு வெயில் ஏறியது பாருங்கள், பேத்தி சிணுங்க ஆரம்பித்தாள். இவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டு பேரையும் அறைக்கு அழைத்துக் கொண்டு போய்ப் படுக்க வைக்க வேண்டும். யார் போவது? என் பெண்தான் போனாள். எனக்குத் தெரியாத ஊரில், புரியாத பாஷையில், வேன் பிடித்துப் போகத் தைரியம் இல்லை. அவள் வேனுக்குக் காத்திருந்து, போய்ச் சேர்ந்து, குழந்தை தூங்கி எழுந்து, மறுபடி வேன் பிடித்து வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தரை. கடைசி வேன் இரவு 9 மணிக்கு. அன்று வாணவேடிக்கை ஒன்பதரைக்கு. வேடிக்கையைப் பார்க்காமலே குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு கிளம்பிவிட்டாள். மறுநாளும் இதே கதை.

திரும்பி வரும்போது காரில் பேரன், பனிமலைக்குள் குடைந்து ஓடும் வண்டியைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிக் கொண்டு வந்தான். அவள், “அப்படியா? அப்புறம்?” என்று கேட்டுக் கொண்டே வந்தாள்.

“ஏம்மா, நீ அதுல ஏறலையா?” என்றான் பையன்.

டிக்கெட் வாங்கியது அவள். ஆபீஸில் லீவுக்கு மன்றாடியது அவள். பட்டியல் போட்டு மூட்டை கட்டியது அவள். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? பேரனோடு படகில் உட்கார்ந்து, தேசம் தேசமாகப் பொம்மைகள் பாடுவதை ரசித்துக் கொண்டிருந்தேன். அது என் மனசில் முள்ளாகவே தங்கிவிட்டது.

அடுத்த வருஷம் மறுபடி போவதாகப் பேச்சு வந்தபோது, “வாடகை எவ்வளவு என்று அப்புறம் கேட்போம். மத்தியானம் ரெண்டு மணிக்கு, தூங்குகிற குழந்தையோடு, வாசலிலிருந்து கட்டிலுக்கு எவ்வளவு நேரம் என்று முதலில் பாருங்கள்” என்றேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் வரைபடத்தை விரித்தார். பார்த்தால், ஓர் ஆச்சரியம்! பூங்காக்காரர்களின் பெயரையே தாங்கிய டிஸ்னிலாண்டு ஓட்டலிலிருந்து வாசலுக்குக் கடைத்தெரு வழியாகப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத, ஹார்பர் பூலவார்டு சாலையின் எதிர்ப்பக்கத்து ஓட்டல்கள் சிலவற்றிலிருந்தோ, சாலையைக் கடந்தால் வாசல்!

இது எப்படி நேர்ந்தது என்பது சுவையான கதை. வால்ட் டிஸ்னி 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, 1955 ஜூலை 17-ந் தேதி பூங்காவைத் திறந்தார். கைப்பணமெல்லாம் அதிலேயே கரைந்துவிட்டது. விடுதி கட்டவும் வழியில்லை. சுற்றியுள்ள நிலத்தை வளைத்துப் போடவும் வழியில்லை. ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரைக் கேட்டுக் கொண்டதில், அவர்தான் அந்த வருஷம் அக்டோபரில் டிஸ்னிலாண்டு ஓட்டலைத் திறந்தார். பெயர் டிஸ்னி, சொத்து ராதருடையது! 1988-ல்தான் அது டிஸ்னி கம்பெனியின் கைக்கு வந்தது. இதற்குள் கிழக்கே, ஹார்பர் சாலை நெடுக, யார் யாரோ மோட்டல்களைக் கட்டிவிட்டார்கள். கோயில் வாசலில் தேங்காய்க் கடை முளைப்பது போல! டிஸ்னிக்கு இது ஆறாத மனக்குறை. அதனால்தான் புளோரிடாவில் இரண்டாவது பூங்காவுக்கு ஏற்பாடு செய்தபோது 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார்கள். 1971-ல் அது திறந்தபோது பார்க்க அவர் உயிருடன் இல்லை. புளோரிடாவில் எல்லாம் தூரம் தூரமாக இருக்கிறது. அங்கே இந்த ஹார்பர் சாலைக் கணக்கு செல்லாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

டிஸ்னிக்காரர் குறைப்பட்ட அந்தக் கடைத்தெருதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அனுகூலம்!

சொந்த விடுதிகளைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அனஹைமில் அவர்களுக்கு மூன்று விடுதிகள். அவற்றில் 2001-ல் திறந்த கிராண்டு கலிபோர்னியன் மர வேலைப்பாடுகளோடு அரண்மனை மாதிரி இருக்கிறது. பக்கத்துப் பூங்காவான கலிபோர்னியா அட்வெஞ்சருக்குள் அங்கிருந்தே தனி வாசல் உண்டு. சமையலறையிலிருந்து கொல்லைக்குப் போவது போலப் போய்விடலாம். விருந்தினர்களைச் சில நாட்களில் மற்றவர்களுக்கு முன்னதாக உள்ளே விடும் சலுகையும் உண்டு. ஆனால் அந்த விதியை அடிக்கடி மாற்றுகிறார்கள். பணம் கட்டுமுன் கேட்டுக் கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள்தான் இருக்கப் போகிறீர்கள், குழந்தைகள் விடியற்காலையில் எழுந்து ஓடுகிற வயது, செலவைப் பற்றிக் கவலை இல்லை என்றால் அங்கேயே தங்குங்கள். நான் தடுக்க மாட்டேன். நடக்கவே முடியாத பெரியவர்கள் இருந்தாலும் கிராண்டு கலிபோர்னியன்தான் சரி. ஆனால் வெளியே இரண்டு மூன்று ராத்திரிக்கு ஆகும் செலவு அங்கே ஒரே ராத்திரியில் ஓடிவிடலாம்.

வெளியே எடுப்பதானால் சில சங்கதிகளைக் கவனியுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை முழு வாடகை அல்ல. அனஹைம் நகர வரியே 15 சதவிகிதம். அதன் மேல் சில்லறைப் பிடித்தங்கள் வேறு. கார் நிறுத்துவதற்குத் தினசரி கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ‘டிஸ்னிலாண்டு அருகில்’ என்ற வாசகத்தை நம்பவே நம்பாதீர்கள். எங்கள் மூன்று மைல் ஓட்டலும் அப்படித்தான் போட்டிருந்தது! அறையில் குளிர்ப்பெட்டியும் மைக்ரோவேவ் அடுப்பும் இருக்கிறதா என்பதை மட்டும் நிச்சயமாகக் கேளுங்கள். நமக்கு அது உயிர்நாடி. பூங்காவுக்குள் நாமே சாப்பாடு கொண்டு போகத் தடையில்லை, கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. பத்துப் பன்னிரண்டு மைலில் ஆர்ட்டீஷியா என்ற ஊரில் இந்தியக் கடைகள் நிறைந்த தெரு இருக்கிறது. முதல் நாள் மாலை அங்கே போய்த் தயிர், ஊறுகாய், அப்பளம் எல்லாம் வாங்கி வந்துவிட்டோம். மலை மேல் வண்டி ஓடுவதைப் பார்த்துக் கொண்டே நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டதை இரண்டு வெள்ளைக்காரக் குழந்தைகள் வைத்த கண் வாங்காமல் பார்த்தன. ஆளுக்கு ஓர் அப்பளம் கொடுத்தேன்.

நாங்கள் எடுத்தது ஹார்பர் சாலையில் சாதாரண ஓட்டல்தான். மாடிப்படி பழசு, சாலையில் வண்டிச் சத்தம் ஓயாது, காலையில் இலவசப் பலகாரம் என்று ரொட்டியும் வாழைப்பழமும் வைத்தார்கள். ஆனால் வாசலிலிருந்து கட்டிலுக்கு, இவருடைய முழங்கால் நடையிலேயே, ஒன்பது நிமிஷம்! இந்தத் தடவை இரண்டு மணிக்குப் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக் கொண்டு போனது நான். ஒரு சாலை, ஒரு பச்சை விளக்கு. இதற்கு என்ன பாஷை வேண்டியிருக்கிறது?

இரண்டாம் நாள் ராத்திரி குழந்தை எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள். இவரும் காலை நீட்டிப் படுத்துவிட்டார். என் பெண் செருப்பைக் கழற்றப் போனாள். “நீ கிளம்பு. உன் பிள்ளை அந்த மலை வண்டிக்கு உனக்காகக் காத்துக் கொண்டிருக்கிறான்” என்றேன். கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் தலையை வாரிக் கொண்டு, சின்னப் பெண் மாதிரி படியிறங்கி ஓடினாள்.

ஒன்பதரைக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரையை விலக்கினேன். எதிர்க் கட்டடத்துக்கு மேலே வானத்தில் பாதி வாணம்தான் தெரிந்தது. மீதிப் பாதியைக் கூரை மறைத்துவிட்டது. தூங்குகிற குழந்தையின் காதைப் பொத்திக் கொண்டு, தெரிந்த பாதியைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

கடைசி வெடி ஓய்ந்ததும் டெலிபோன் அடித்தது. பின்னால் ஒரே கூச்சல், சிரிப்பு.

“அம்மா! பாப்பா எழுந்துட்டாளா?”

“இல்லை.”

“அப்போ இன்னும் ஒரு தடவை ஏறிட்டு வரோம்” என்று டெலிபோனை வைத்துவிட்டாள்.