பானெட்டைத் திறங்க பாஸ்!

கோபாலபுரம் தெருக்கள்ல ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. ஏதாவது ஒரு மர நிழல்ல, மேல இலை கொட்டி, டயர்ல காத்து இறங்கி ஒரு பழைய மாருதி 800 கண்ல படலாம். 'வயசாயிடுச்சு, அவ்ளோதான்'னு வீட்ல முடிவு பண்ணியிருப்பாங்க. அடுத்த ஸ்டாப் புதுப்பேட்டை! ஆனா ஃப்ரெண்ட்ஸ், நிறைய 800-களைச் சாய்க்கிறது வயசு இல்ல. யாரும் பானெட்டைத் திறந்து பார்க்காததுதான்.

1983 டிசம்பர் 14 அன்னிக்கு முதல் 800-ஓட சாவியை ஹர்பால் சிங் என்பவர்கிட்ட கொடுத்தார் இந்திரா காந்தி. 2014 ஜனவரியில உற்பத்தி நின்னுபோச்சு. 796 சி.சி., மூணு சிலிண்டர்... மேட்டர் அவ்வளவுதான். புது கார்களோட பானெட்டைத் திறந்தா பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். 800-ஐத் திறந்தா நம்ம பாடப் புத்தகத்துப் படமே நேர்ல தெரியும்!

எங்க வீட்டு 800 ஐடிலிங்ல குலுங்க ஆரம்பிச்சப்போ, ஒரு மெக்கானிக் 'இன்ஜினை இறக்கணும்'னு சொல்லிட்டார். அப்பா காயலான் கடை ரேட்டே விசாரிக்க ஆரம்பிச்சுட்டார். மூணு சிலிண்டர்ல ஒண்ணு படுத்தாலும் வண்டி குலுங்கத்தான் செய்யும். எது படுத்திருக்குன்னு ப்ளக்கே சொல்லிடும். இன்ஜின் நல்லா ஆறின பிறகு ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. நுனி பிஸ்கட் கலர்ல இருந்தா ஓ.கே. கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் சரியா எரியலைன்னு அர்த்தம். ஏர் ஃபில்டர் அடைப்பான்னு பாருங்க. ஆயில் பிசுபிசுப்பு இருந்தா, அது நிஜமாவே மெக்கானிக் வேலை.

எங்க வண்டியில மூணாவது ப்ளக் மட்டும் பெட்ரோல்ல நனைஞ்சிருந்துச்சு. அதையும் முதல் ப்ளக்கையும் இடம் மாத்திப் போட்டு ஓட்டினோம். மறுபடி கழட்டினா, ஈரம் முதல் சிலிண்டருக்குப் போயிருக்கு! அப்போ குத்தவாளி ப்ளக்தானே? ஜி.பி. ரோடு போய் புது ப்ளக் வாங்கிப் போட்டாச்சு. அப்பாவும் ரேட் விசாரிக்கறதை நிறுத்திட்டார்.

ஒரே ஒரு விஷயம்... ப்ளக்கை மாட்டும்போது முதல்ல கையாலயே திருகுங்க. சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை போச்சுன்னா பர்ஸும் போச்சு!

அடுத்த வில்லன், நம்ம சென்னை போர் தண்ணி. பக்கெட்ல வெள்ளையா படியுற அதே உப்பு ரேடியேட்டர் உள்ளயும் படியும். அடைச்சா இன்ஜின் கொதிக்கும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். அதனால டிஸ்டில்டு வாட்டர்ல கூலன்ட் கலந்து ஊத்துங்க. சூடா இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீங்க.

பேட்டரி டெர்மினல்ல பூத்திருக்கிற பொடிக்கு, வெந்நீர்ல கலந்த சமையல் சோடா போதும். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியா. ஏன்னா, வண்டியோட பாடி முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ்ல இருக்கிற ஸ்பேனர் பாடியில பட்டா ஷார்ட்தான்!

பிரேக், ஸ்டியரிங்கை விவரம் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க. 2015 டிசம்பர் மாதிரி வெள்ளத்துல முங்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. காத்தை அமுக்கற பிஸ்டனால தண்ணியை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

2022 ஏப்ரல்ல, 15 வருஷம் தாண்டின கார்களுக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆச்சு. 'வித்துடலாமா, வெச்சுக்கலாமா?'ன்னு உங்க வீட்லயும் ஒருநாள் பேச்சு வரும். அப்போ வண்டிக்கு நிஜமா என்ன கோளாறுன்னு தெரிஞ்ச ஒரு ஆள் வீட்ல இருக்கணும். அது ஏன் நீங்களா இருக்கக்கூடாது? ஒரு ப்ளக் ஸ்பேனர், ஒரு பழைய பனியன் துணி, ஒரு ஞாயித்துக்கிழமை காலை... அது போதும் பாஸ்!