அம்மம்மாவும் கிரகணமும்

என்ர பெரியம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ஒரு கண்ணுக்கு மட்டும் பிந்தி ஒப்பரேஷன் செய்து கொஞ்சம் தெளிஞ்சது. வன்னியில் ஷெல் வருகிற சத்தம் அவாவுக்கு எட்டாது. ஆராவது கையைப் பிடிச்சு இழுத்தால்தான் பங்கருக்கு ஓடுவா.

அம்மம்மா இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தா. 1955 ஜூன் 20ஆம் திகதி இலங்கையில் பெரிய சூரிய கிரகணம். பெரியம்மா அப்போது வயிற்றில் இரண்டு, மூன்று மாதம். மாமியார் மறிக்க மறிக்கக் கிணத்தடிக்குப் போனாவாம். "அண்டைக்கு நான் வீட்டுக்குள்ள இருந்திருந்தால் பிள்ளைக்கு இப்பிடி வந்திராது" என்று சாகும்வரைக்கும் சொன்னா. ஊரில் ஒருத்தரும் இல்லையென்று சொன்னதில்லை.

அதே கதைக்குள் இன்னொன்றும் வரும். அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்குச் சின்னமுத்து மாதிரி ஏதோ போட்டதாம். அம்மம்மாவுக்கும் மேலெல்லாம் சிவப்புப் பொட்டு. மூன்று நாளில் மாறிவிட்டதாம். "வேப்பிலை வைக்கிற அளவுக்கும் இல்லை" என்பா. நாங்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தங்கச்சி கலியாணம் கட்டின புதிதில் மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வந்தா. முதல் கேள்வியே, "ருபெல்லா ஊசி போட்டனீங்களா? கார்ட் இருக்கா?" பள்ளிக்கூடத்தில் போட்ட ஞாபகம் இருக்குது, கார்ட் 2009இல் எங்கேயோ போயிட்டுது. ஏன் இவ்வளவு கேட்கிறா என்று அன்றிரவு தேடி வாசித்தேன்.

ருபெல்லாவை ஜேர்மன் சின்னமுத்து என்றும் சொல்லுவினம். சின்னமுத்து வேறு, இது வேறு வைரஸ். பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சல், சிவப்புப் பொட்டு, காதுக்குப் பின்னால் நெறி கட்டும், அவ்வளவுதான். சிலருக்கு ஒரு குறியும் தெரியாது. ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் வைரஸ் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். முதல் 12 கிழமைக்குள் தொற்றினால் பிள்ளையைப் பாதிக்கும் வாய்ப்பு 90 வீதம் வரைக்கும் போகலாம். கரு கலையலாம். பிறந்தால் கண்புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு. கண், காது, இருதயம் என்று வாசிக்கும்போதே எனக்குப் பெரியம்மாவின் முகம் வந்துவிட்டது.

இதை முதலில் பிடித்தவர் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக். கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளைப் பற்றி 1941இல் எழுதினார். அவர்களில் பெரும்பாலானவர்களின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்தது. பெரியம்மா பிறந்தது 1956 தை மாதம். அதற்கு 15 வருடம் முன்னமே சிட்னியில் தெரிந்த விஷயம் எங்கட கிணத்தடிக்கு வந்து சேரவில்லை. பெரியம்மாவுக்கு இதுதான் என்று நான் அடிச்சுச் சொல்ல ஏலாது, ஒருத்தரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் கிரகணத்தைவிட இது பொருந்துது.

இலங்கையில் ருபெல்லா ஊசி 1996இல் தொடங்கினது. முதலில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும்தான். வகுப்பில் அவையளை மட்டும் வரிசையில் விட, பொடியங்கள் நாங்கள் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரிச்சனாங்கள். இந்த வைரஸை எங்களைப் போன்ற பொடியங்களும்தான் வீட்டுக்குக் காவி வருவாங்கள் என்று அப்ப ஆருக்குத் தெரியும்? 2001இலிருந்து மூன்று வயதில் ஆண், பெண் எல்லாருக்கும் போட்டார்கள். 2011இலிருந்து அது எம்.எம்.ஆர். ஊசியாக வந்தது. 2020இல் இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் வேறு நாடுகளிலிருந்து அது திரும்ப வரலாம்.

கார்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது? இன்னொரு தரம் போட்டால் பிழையில்லை. ஆனால் இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. கர்ப்பமாக இருக்கும்போது போடமாட்டார்கள். போட்ட பிறகு குறைஞ்சது ஒரு மாதம் கர்ப்பம் தள்ளிப்போக வேணும். அதனால்தான் மிஸ் கலியாணம் முடிஞ்ச கையோடு வந்து கேட்டது.

தங்கச்சி போட்டுவிட்டாள். புதுக் கார்ட்டை அடையாள அட்டை இருக்கிற பையுக்குள் வைத்திருக்கிறாள், இடம்பெயர்ந்த பழக்கம். நான் வாசித்ததையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அம்மாட்டை ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றா. அம்மம்மா போய் அப்போது இரண்டு வருடம்.