விசிலடிக்க ஓர் இரவு
2016இல் டிஎன்பிஎல் தொடங்கியதிலிருந்து நான் திண்டுக்கல் டிராகன்ஸ் ரசிகை. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் ஆட்டம் என்றால் தம்பி கிளம்பிவிடுவான். “ராத்திரி மேட்ச்சு, பொம்பளப்புள்ள எப்படித் திரும்பி வருவ?” என்பார் அப்பா. விளக்கு வெளிச்சத்தையும் கூட்டத்தின் கூச்சலையும் தம்பி சொல்லித்தான் கேட்டேன். 2024இல் அஸ்வின் தலைமையில் கோப்பை வென்றபோதும் வீட்டுக்குள்தான் கத்தினேன்.

அந்த டிசம்பரில் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் 16 வயது கமலினியை மும்பை இந்தியன்ஸ் 1.60 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்பாவே பெருமையாக வாசித்துக் காட்டினார். சாதித்த பெண்ணைக் கொண்டாடுவது எளிது. எதையும் சாதிக்காமல், சும்மா கேலரியில் உட்கார்ந்து விசிலடிக்க ஒருத்திக்கு ஓர் இரவு கிடைப்பதுதான் கடினம்.

அடுத்து நத்தத்தில் ஆட்டம் நடந்தால் நானும் அம்மாவும் போகிறோம். அப்பாவிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டோம்.